அம்மா ஓட்டிய செட்டு

மரக்காணம் உப்பளத்தருகே காரை நிறுத்தியதும் டீசல் எஞ்சினின் டபடப சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அதற்குச் செட்டு என்று பெயர். கோயில் ஒலிபெருக்கி மைக் செட்டு, கல்யாண வாத்தியம் பேண்டு செட்டு. வெறுமனே செட்டு என்றால், எங்கள் பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் எஞ்சின்தான்.

அப்பாவுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்த வருடம் அதை ஓட்ட ஆளில்லை. தண்ணீர் ஏறாவிட்டால் உப்பு ஏது? அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். எஞ்சின் தலையிலிருந்த சிறு பிடியை நான் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் கைப்பிடியை வேகமாகச் சுற்றினாள்.

"இப்ப விடுடி" என்றாள். விட்டேன். கரும்புகையைக் கக்கிக்கொண்டு செட்டு ஓட ஆரம்பித்தது. வரப்பில் நின்ற அப்பா நல்ல கையால் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

செட் என்பது ஆங்கிலச் சொல் என்று பள்ளியில் டீச்சர் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். அவள், "வெள்ளைக்காரங்க ஊர்லயும் உப்பளம் இருக்குதாடி?" என்று கேட்டாள்.

அம்மா இப்போது சென்னையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவளை அழைத்து, போனை உப்பளத்தின் பக்கம் நீட்டினேன். பிறகு காதில் வைத்தேன்.

"யாரு செட்டுடி அது? குழாயில காத்து பூந்திருக்குது. போயி சொல்லிட்டு வா."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.