கல்வியங்காட்டு வீட்டில் ஒரு தரம் கத்திப் பார்த்தது

என் மகள் கொழும்புக்கு வெளியே வீடு பார்க்கிறாள். நேற்று போனில், "அம்மா, அந்த இடம் நகரமோ புறநகரமோ எண்டு ஒண்டும் விளங்கேல்லை. ஒரு பக்கம் மாடிவீடு, மற்றப் பக்கம் மாடு" என்று அலுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1973 புரட்டாதியில் நானும் இதே கேள்வியோடு பருத்தித்துறையில் பஸ் ஏறியவள்தான். வீடு தேடி அலைகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தப் பயணத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது கப்பல்காரக் குடும்பம். இவர், என் கணவர், இரண்டு வாரத்தில் கப்பலேற வேண்டும், எனக்கு ஆறு மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை பிறந்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வீடுவாசல் ஒன்றும் இல்லாத வல்லை வெளியில், காருக்குள்ளேயே பிறந்து, தங்காமல் போய்விட்டது. அதனால் இந்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று இவர் கல்வியங்காட்டில் ஒரு வீடு பேசி வைத்திருந்தார். எனக்கோ வேறு பயம். எங்கள் ஊரில் தும்மினாலே மூன்று வீட்டார் என்னவென்று கேட்பார்கள். ரவுணில், அதுதான் நகரத்தில், இவரும் இல்லாத வீட்டில், பிரசவ நோ வந்தால் யார் வருவார்கள்? "உன்ரை அண்ணையோடை போய்ப் பார். நீ ஓம் எண்டால் ஓம்" என்று சொல்லிவிட்டு இவர் கொழும்புக்குப் போய்விட்டார்.

காலை ஆறரை பஸ். பதினெட்டுக் கட்டைத் தூரம். கட்டை என்றால் எங்களுக்கு மைல். நெல்லியடியில் மரக்கறிக் கடகப்பெட்டிகள் ஏறின, எங்களுக்குக் கால் வைக்க இடமில்லை. வல்லை வெளி வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வல்லைப் பாலம் கடக்கும் வரை அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். புத்தூர் தாண்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன்; வெளியே செம்மண்ணும் வாழையும்.

கொண்டக்டர், "ரவுணுக்கோ?" என்று கேட்டார்.

"கல்வியங்காட்டுக்கு" என்றார் அண்ணை.

"அப்ப ரவுணுக்கு இல்லை. ரவுண் இன்னும் அங்காலை."

பின் சீற்றிலிருந்த மனுசி விடவில்லை. "கரண்ட் இருக்கு, றேடியோக் கடை இருக்கு. அது ரவுண் இல்லாமல் வேறை என்ன?"

இறங்கிப் பார்த்தபோது இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. சந்தியில் தையற்கடையும் சைக்கிள் கடையும் ஜேஜே என்று இருந்தன. ஒழுங்கைக்குள் திரும்பினால் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்கிறது. மின்கம்பங்கள் பாதி ஒழுங்கை வரை வந்து, மனம் மாறியதுபோல் நின்றுவிட்டன. அங்கே குடியிருந்தவர்களும் "ரவுணுக்குப் போட்டு வாறன்" என்று சொல்லித்தான் சைக்கிள் மிதித்தார்கள்.

வீடு சின்னது, சுத்தமானது. மூன்று பக்கம் தென்னோலைக் கிடுகுவேலி. நாலாவது பக்கம் புத்தம்புது சீமெந்துக்கல் மதில். அதைக் கண்டதும் என் மனம் விழுந்துவிட்டது. மதில் எழும்பிவிட்டால் இனி யார் யாரைப் பார்ப்பது? ஆனால் பின்வளவில், கிணற்றடிக்கு நேரே, அந்த மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வேலியிலே அயலுக்குப் போய்வர இப்படிப் பொட்டு விடுவோம். மதிலில் விட்டதை அன்றுதான் கண்டேன்.

அதற்குள்ளால் பக்கத்து வீட்டு மனோன்மணி அக்கா பக்கவாட்டில் நுழைந்து வந்தார். "ஆடு வருகுது எண்டு எங்கடை மனுசன் மதில் கட்டினவர். கிணறு எங்கடை பக்கம், நீங்கள் தண்ணிக்கு எப்பிடி வாறது? அதுதான் மேசனோடை சண்டை பிடிச்சு இந்தப் பொட்டை விடுவிச்சனான்."

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அக்கா, அறைக்குள்ளை இருந்து கூப்பிட்டால் உங்களுக்குக் கேக்குமோ?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். அண்ணை மெல்லிய குரலில் முதல் பிள்ளையின் கதையைச் சொன்னார். அக்கா அறைக் கதவைக் காட்டினார். "உள்ளை போய்க் கதவைச் சாத்து. நான் என்ரை குசினிக்குள்ளை நிக்கிறன். கூப்பிடு பாப்பம்" என்றார்.

போனேன். "அக்கா" என்றேன். வெட்கம், குரல் எழும்பவில்லை.

"கேக்கேல்லை!" என்று மதிலுக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது. "விருந்துக்கோ கூப்பிடுறாய்? நோ வந்தவள் மாதிரிக் கூப்பிடு!"

அந்த இருட்டறையில் எனக்கு வல்லை வெளி ஞாபகம் வந்தது. அன்றைக்கு யாரையும் கூப்பிட முடியாமல் அடக்கிய சத்தமெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

கதவைத் திறந்தால் முற்றம் நிறைய ஆட்கள். அக்கா முன்னால். அவருக்குப் பின்னால் இடியப்பம் பிழியும் உரலைக் கையில் பிடித்தபடி இன்னொரு மனுசி, வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிய மனிதர், கிடுகுவேலிக்கு மேலால் இரண்டு தலைகள். ஒழுங்கையில் போனவர் சைக்கிளைப் போட்டுவிட்டு, "ஆருக்கு என்ன? கார் பிடிக்கவோ?" என்று மூச்சு வாங்க நின்றார். நான் அப்படியே வாசற்படியில் இருந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. உரல்காரி மட்டும், "மா காயப்போகுது" என்று முணுமுணுத்தபடி என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணை சொன்னார்: "ரவுணிலை இவ்வளவு ஆக்கள் வரமாட்டினம். வந்தாலும் உரலோடை வரமாட்டினம்."

"ஓம் எண்டு அவருக்குத் தந்தி அடியுங்கோ" என்றேன்.

அந்த ஒழுங்கையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகுகிறது. அந்த வழியால் போகிறவர்களுக்கு ஒரு சொல்: வல்லை வெளியை வெயில் ஏறுமுன் கடந்துவிடுங்கள், கண் கூசும். வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு: கம்பத்தையும் மாட்டையும் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். பின் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, ஒரு தரம் கத்திப் பாருங்கள்.

மகளுக்கும் இதைத்தான் சொன்னேன். "விசர்க் கதை கதைக்காதேங்கோ அம்மா, சனம் என்ன நினைக்கும்?" என்றாள். அந்த மார்கழி மழையில், பட்டப்பகலில், நோ வந்தபோது நான் இரண்டாம் தரம் கத்த வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் காரில் பத்து நிமிடம்; மனோன்மணி அக்காவின் மடியில் என் தலை. பிறந்தவள்தான் இப்போது வெட்கப்படுகிறாள்.