ஆகஸ்டு பதினேழாம் தேதிச் சீட்டு

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அந்தோணியம்மாள் வெள்ளிக்கிழமைகளில் கூடையிலுள்ள பெரிய மீனை விற்கமாட்டாள். சாந்தோமுக்கு மேற்கே ஒரு சந்தில் இருந்த அநாதை விடுதிக்குக் கொண்டுபோய், பின்வாசலில் கொடுத்துவிட்டுத்தான் வியாபாரத்துக்கு உட்காருவாள். யாராவது கேட்டால், "எம் புள்ளைய நல்லபடியா அடக்கம் பண்ணாங்கோ. நான் வேற இன்னா செய்யமுடியும்?" என்பாள். இது 1920 அக்டோபரில் தொடங்கிய வழக்கம்.

அடக்கமானதாகச் சொல்லப்பட்ட பிள்ளையின் பெயர் சலேத்து. பிறந்தது 1914இல். தகப்பன் மிக்கேல் 1919 டிசம்பரில் கட்டுமரத்தோடு கடலில் போனான். அடுத்த மாதமே தாய் நோயில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பிள்ளையை அந்த விடுதியில் விட்டுப் போனாள். ஒன்பது மாதம் கழித்து எழுந்து நடமாட முடிந்ததும் அழைத்துப்போக வந்தாள். விடுதித் தலைவி ரெஜினாம்மாள் அவளைக் கல்லறைக்குக் கூட்டிப்போய் ஒரு சின்ன மண்மேட்டைக் காட்டினார்.

"ஆகஸ்டு பதினேழு, செவ்வாய்க்கிழமை. காய்ச்சல். எங்களால் ஆனதைச் செய்தோம், அம்மா" என்றார்.

ஆனால் சலேத்து ஜூலை மாதமே திருச்சிராப்பள்ளிக்கு ரயிலேறிவிட்டாள். பிள்ளையில்லாத ஒரு ரயில்வே குமாஸ்தாவும் அவர் மனைவியும் அவளைத் தத்தெடுத்து, லூர்துமேரி என்று பெயர் மாற்றி வளர்த்தார்கள். அவர்கள் தந்த நன்கொடையில் விடுதியின் ஓலைக்கூரை அந்த வருஷந்தான் ஓட்டுக்கூரை ஆயிற்று.

வளர்த்த தாய் 1934 ஜனவரியில் சாகக் கிடந்தபோது பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைப் பெத்தவ உசிரோட இருக்கா. நீ செத்துட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டாங்க. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். லூர்துமேரிக்கு அப்போது இருபது வயது. பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. மே மாத விடுமுறையில் சென்னைக்கு வந்து, குப்பத்தில் மிக்கேல் பெயரைச் சொல்லி விசாரித்து, பெற்றவளைக் கண்டுபிடித்தாள்.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலையில் அந்தோணியம்மாளின் கை தானாகக் கூடைக்குள் போய் ஒரு வஞ்சிர மீனைத் தனியாக எடுத்து வைத்தது.

"இது யாருக்கும்மா?"

"விடுதிக்கு." சொல்லிவிட்டுத் தாயே திகைத்து நின்றாள். "பாரேன், பழக்கத்துல கை போய்ட்சு." பிறகு வெள்ளிக்கிழமைக் கதை முழுவதையும் சொன்னாள்.

முந்தின நாளிலிருந்து ஓயாத லூர்துமேரியின் அழுகை அந்த நொடியில் நின்றது. பிள்ளையைப் பறித்ததைக்கூட அவள் மனம் ஒரு மாதிரி தாங்கியிருந்தது. பறித்த கையை நீட்டி, பறிகொடுத்தவளிடம் வாரந்தோறும் நன்றிக்கடனாக மீன் வாங்கித் தின்றதை அது தாங்கவில்லை.

"போவட்டும் கண்ணு. நீ கெடச்சிட்டே, எனுக்கு அது போதும். அவங்கோ பெரிய மன்சங்கோ" என்றாள் தாய்.

"எனக்குப் போதாதும்மா. ஆகஸ்டு மாசம் வரைக்கும் மூச்சுவிடாதே. மீனையும் நிறுத்தாதே."

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. அன்னதானம் செய்கிறவர் இறந்துபோன ஒருவரின் பெயரைச் சீட்டில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கவேண்டும். இலை போட்ட பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். தலைவி அதை உரக்க வாசிப்பார். அந்த ஆத்துமாவுக்காக ஜெபம் சொல்லிவிட்டே பிள்ளைகள் சோற்றில் கைவைப்பார்கள். முன்கூட்டிப் பிரித்துப் பார்ப்பது தர்மம் செய்பவரைச் சந்தேகிப்பதாகும் என்பது ரெஜினாம்மாள் தாமே போட்ட விதி. லூர்துமேரி வளர்த்த தாயின் வளையல்களை விற்று, நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் சாப்பாடும் புதுத்துணியும் கொடுப்பதாகக் கடிதம் எழுதினாள்.

1934 ஆகஸ்டு பதினேழு, வெள்ளிக்கிழமை. ரெஜினாம்மாள் வாசலுக்கே வந்து வரவேற்றார். குரலில் தேன் ஒழுகியது.

"திருச்சிராப்பள்ளியிலிருந்தா? அவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் ஏழை விடுதியைத் தேடி வந்திருக்கிறீர்களே!"

"இங்கே எனக்கு வேண்டிய ஒரு பிள்ளை இருந்தா" என்றாள் லூர்துமேரி.

இலை போட்டாயிற்று. சோறும் குழம்பும் பரிமாறியாயிற்று. பின்வாசலில் அந்தோணியம்மாள் கூடையோடு வந்து நின்றாள். ரெஜினாம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உறையைப் பிரித்து, பழகிய ராகத்தில் வாசிக்கத் தொடங்கினார்.

"நொச்சிக்குப்பம் மிக்கேல், அந்தோணியம்மாள் மகள் சலேத்து. வயது ஆறு. 1920 ஆகஸ்டு பதினேழாம் தேதி இந்த விடுதியில்..."

அங்கே குரல் நின்றது.

"வாசிங்க. பிள்ளைங்க பசியோட இருக்காங்க" என்றாள் லூர்துமேரி.

"காய்ச்சலில்... இறந்தவள்."

பிள்ளைகள் ஒன்றுமறியாமல் கைகூப்பி, செத்தவளுக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டினார்கள். லூர்துமேரி கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு பின்வாசலுக்குப் போய்த் தாயின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள்.

"எனக்காக நல்லா ஜெபிச்சீங்க. நான்தான் சலேத்து."

ரெஜினாம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உன் நல்லதுக்குத்தான்... மீன்கூடையோடு தெருவில் நிற்காமல், படித்து ஒரு நிலைக்கு..."

"அப்போ நீ காட்டுன மண்ணுல கெடக்கறது யாரு?" என்று குறுக்கிட்டாள் அந்தோணியம்மாள். "பதினாலு கல்லறைத் திருநாளு மெழுகுவத்தி ஏத்துனேன். யாரு புள்ளைக்கு ஏத்துனேன்?"

அதுவரை அவரை 'அம்மா, நீங்க' என்று மட்டுமே அழைத்த வாய் அது. ரெஜினாம்மாள் கையிலிருந்த சீட்டை உறைக்குள் திணித்தார்.

"அந்த வருஷம் மூன்று பிள்ளைகள் போனார்கள். பெயர்... ஞாபகமில்லை."

"ஞாபகமில்லியா?" அந்தோணியம்மாள் கூடையை இறக்கி, மீனைச் சமையற்காரியிடம் நீட்டினாள். "இத்த புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடு. இவுளுக்கு ஒரு துண்டு போவக்கூடாது, சொல்லிட்டேன்."

லூர்துமேரி மறு வருஷமே மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் வேலை தேடிக்கொண்டாள். தாய் குப்பத்தைவிட்டு வர மறுத்ததால் மகள்தான் அங்கே குடிபோனாள். வருஷம் தவறாமல் ஆகஸ்டு பதினேழில் விடுதிப் பிள்ளைகளுக்கு விருந்தும் வைத்தாள். வேண்டாமென்று சொல்ல ரெஜினாம்மாளுக்கு வழியில்லை. நாற்பது வாய்ச்சோற்றைத் தடுத்துவிட்டு அதற்குக் காரணம் சொல்லவேண்டி வரும். 1935இலும் 1936இலும் 1937இலும் உறையில் இருந்தது ஒரே வாசகம். எழுந்து நின்று அதை அவர்தான் உரக்க வாசிக்கவேண்டும்.

"1920இல் இந்த விடுதியில் இறந்து, உயிரோடிருந்த சலேத்தின் பெயரில் புதைக்கப்பட்ட, பெயர் தெரியாத பிள்ளை."

சமாதானமாகப் போய்விடலாம் என்று ஒருமுறை அவர் ஆளனுப்பினார். "அந்தப் பிள்ளையோட பேரைச் சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கு நிறுத்தறேன்" என்று பதில் போயிற்று.

1938 மார்ச்சில் ரெஜினாம்மாள் வேலையை விட்டுவிட்டு வேலூரில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். லூர்துமேரி விலாசத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஆகஸ்டு பதினாறாம் தேதி அதே வாசகத்தைப் புதுச் சீட்டில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்தாள்.

பத்தொன்பதாம் தேதி ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்தது. பதினேழாம் தேதியிட்டு, ரெஜினாம்மாளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அதைத் தாய்க்குப் படித்துக் காட்டிவிட்டு, வருஷந்தோறும் வாசித்து முடித்ததும் திருப்பி வாங்கிவைத்த சீட்டுகளோடு பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.