பக்கத்து வயலில் எடுத்த படம்

எனக்குப் புகுந்த வீடு விம்கோ நகர். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் ஒரு ஏக்கர் எண்ணூர் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. அனல்மின் நிலையத்துக் குழாய் உடைந்து சாம்பல் தண்ணீர் பாய்ந்த வருஷத்திலிருந்து அதில் கோரைகூட முளைக்கவில்லை.

ஆனால் கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் மட்டும் செழிப்பாக நின்றது. வருஷத்துக்கொரு முறை கட்டிப் புதுப்பித்தால் வட்டியை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். என் வளையலை அடகு வைத்துக் கட்டுவோம், புதுக்கடன் வந்ததும் மீட்போம். ஊர்க்கணக்கான அடங்கலில் ‘நெல்’ என்று இருந்தால் போதும். எப்படியோ எழுதி வாங்கிக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் பயிரோடு விவசாயி நிற்கும் படமும் வேண்டும் என்றார்கள். சங்கத்து ஆள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான்தான் நைனாவை வரப்புத் தாண்டிப் பக்கத்து வயலில் இறக்கினேன்.

“இன்னாம்மா, அடுத்தவன் பயிர்ல போயி நின்னுகினு...”

“ரெண்டு நிமிசம் நைனா. கொஞ்சம் சிரி.”

பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு. அந்த வரப்போரமும் விரலகலத்துக்குச் சாம்பல் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம், சாம்பலால் பாழான நிலங்களுக்கு நிவாரணம் என்று அறிவிப்பு வந்தது. அது கிடைத்தால் கடனை ஒரேயடியாக முடித்துவிடலாம். பட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு நைனாவோடு தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். பட்டியலில் பக்கத்து வயல்காரர் பெயர் இருந்தது. நைனா பெயர் இல்லை.

அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். “பெரியவரே, உங்க நிலத்துல வருஷா வருஷம் நெல்லுன்னு இருக்கே. படம்கூட இருக்கு, பாருங்க” என்று திரையைத் திருப்பினார். முழங்கால் உயரப் பயிருக்கு நடுவில் நைனா, நான் சொன்னபடியே, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அது எங்கள் வயல் இல்லை என்று சொன்னால் பொய்க் கணக்கில் வாங்கிய கடன் என்று ஆகிவிடும். மொத்தத்தையும் உடனே கட்டச் சொல்வார்கள். வாய் வரை வந்ததை விழுங்கினேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பயிரு நல்லாத்தான் கீது” என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவர் என் வெறுங்கையைப் பார்த்தார்.

“வர்ற மாசம் மறுபடி படம் எடுக்கணுமே. அவன் வயலும் பூடுச்சி. இப்போ எங்க போயி நிக்கிறது, சொல்லு?”