என் கையில் இருந்த துண்டு

குத்துச்சண்டை கஷ்டமா, எம்.எம்.ஏ. கஷ்டமா என்று எங்கள் வீட்டில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. நான் பழைய குத்துச்சண்டைக்காரன். என் மனைவி பள்ளியில் விளையாட்டு டீச்சர். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த எம்.எம்.ஏ.வில் இறங்கியவள்.

"உங்களுக்குக் காலும் தோளும் மூச்சும் இருந்தாப் போதும். எங்களுக்குக் கழுத்து, இடுப்பு, விரல்னு ஒண்ணு பாக்கி கிடையாது" என்பாள்.

"கட்டிப் புடிச்சு உருளுறதுக்கு இம்புட்டுப் பேச்சா?" என்று ஒருநாள் சீண்டினேன். மொட்டை மாடியில் பாயை விரித்து, என்னைப் புரட்டிப் போட்டு நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கையைக் காலை உதறிப் பார்த்தேன். ரவுண்டு ரவுண்டாக ஆடியபோதும் வராத இளைப்பு செத்த நேரத்தில் வந்துவிட்டது. அதற்காக ஒப்புக்கொள்வேனா? மதியச் சோறு செரிக்கவில்லை என்றேன்.

பழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். அவள் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கோச்சுக்குக் காய்ச்சல், அதனால் அவள் பக்கத்து மூலையில் துண்டோடு நான் நின்றேன். அந்தத் துண்டை உள்ளே எறிந்தால் ஆட்டம் முடிந்தது, தோல்வி.

இரண்டாவது ரவுண்டில் எதிராளிப் பெண் அவளைத் தூக்கிப் போட்டு மேலே ஏறிக்கொண்டாள். எங்கள் ஆட்டத்தில் விழுந்தவனைத் தொடக்கூடாது, நடுவர் பத்து எண்ணுவார். ஒருமுறை நான் எட்டில் எழுந்து ஜெயித்தேன். அன்று இவள் முன்வரிசையில் இருந்தாள். இங்கே எண்ண ஆளில்லை. விழுந்த பிறகும் அடி விழுகிறது. குத்து என்று கத்தவா, உருளு என்று கத்தவா? ஒரு எழவும் புரியவில்லை. "எந்திரி, எந்திரி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் முகம் சிவந்து கருத்தது. மாதாவே, செத்துப்போவாள் என்றே நினைத்தேன். துண்டை எறிந்துவிட்டேன்.

நடுவர் நிறுத்தினார். அவள் மளமளவென்று எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

ஊர் திரும்பும் பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியது. "கோவமா?" என்றேன்.

"மூச்ச மிச்சம் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேங்க. அவ கை தளரட்டும்னு."

"எனக்கு எப்படித் தெரியும்? பயந்துட்டேன்ல."

"நீங்க விழுந்தப்ப நான் மட்டும் பயப்படலயா? எட்டு வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு நீங்க அஞ்சுகூட எண்ணலயே."