என்னை நீக்கி நானே எழுதிய கடிதம்

அந்தக் காலத்தில் வாத்தியார் வேலை பள்ளிக்கூட மேனேஜரின் வாயில் இருந்தது. சர்க்கார் உதவிப்பணம் வாங்கும் பள்ளிக்கூடம்தான்; நடத்துகிறவர் என்னவோ ஊரில் நிலபுலன் உள்ள ஒருவர். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் எனக்கு வாய்த்தவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அவருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் நான்தான்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வாத்தியார் என்பதற்காகவே ஓமலூரில் பெண் கொடுத்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒரு காலை மேனேஜர் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாமுங்க என்றார், முழு மரியாதையோடு.

"ஏனுங்க?" என்றேன்.

"சும்மாதானுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் எழுதிப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு அனுப்பாமல் யாரையும் நீக்க முடியாது என்று ஒரு போடு போட்டேன். மனிதர் அசரவில்லை. அப்படியானால் எழுதிவிடுங்கள் என்று காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

இருவரும் உட்கார்ந்து காரணம் தேடினோம். நேரத்துக்கு வருவதில்லை என்று போடலாமா என்றேன். பால் கறக்கிற நேரத்துக்கே வந்து நிற்கிறீர்களே என்றார். பிள்ளைகளை அடிப்பதில்லை என்று எழுதச் சொன்னார். அது குற்றத்தில் சேராது என்றேன். ஒழுக்கக்கேடு என்று போடலாமா என்று நான் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அபாண்டம் சொன்னால் நாக்கு அழுகிப்போகுமாம். கடைசியில் உண்மையைக் கக்கினார்.

"என்ற மருமகனுக்குத் தம்பி ஒருத்தன், படிச்சுப்போட்டு ஊட்டுல சும்மா கெடக்கறானுங்க."

அதையே எழுதினேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். படித்ததும் இன்ஸ்பெக்டர் எரிந்து விழுவார், இவருக்கு நன்றாக வேண்டும் என்று கறுவிக்கொண்டு நானே தபாலில் சேர்த்தேன்.

பதில் வரும்வரை வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தேன். இரண்டு வாரத்தில் வந்தது. மேனேஜர் உறையை என்னிடம் நீட்டினார். பிரித்தேன். காரணம் ஏற்கப்பட்டது என்று இருந்தது. அவ்வளவுதான். அடப் பாவி மனுஷா, இதற்கா விதியையெல்லாம் மனப்பாடம் செய்தேன்! ஓமலூருக்கு எந்த முகத்தோடு போவேன்?

என்ன போட்டிருக்கிறது என்று மேனேஜர் கேட்டார்.

காரணம் போதாது, வாத்தியாரை நீக்கக் கூடாது என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இந்தத் தரம் கண்டிப்பு கொஞ்சம் கூடியிருந்தது.

மேனேஜர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க, சாமி" என்றார்.

ஆமாங்க என்றேன், கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டே.