வாத்துக் கதைக்கு ஆமென்

திருக்கடையூர்க் கோயிலுக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வரும் மணப்பெண்களில் பாதிப் பேருக்கு, ஊரில் தைத்துக் கொண்டுவந்த ரவிக்கையில் முகூர்த்தத்தன்று காலையில் கை நுழையாது. உடனே விண்ணரசியின் தையல் கடைக்குத்தான் ஓடிவருவார்கள். விண்ணரசி லுத்தரன் சபைக்காரி. ஆனாலும் அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கோயில் புண்ணியத்தில்தான். பிரித்துத் தைக்கிற கால் மணி நேரமும் மணப்பெண்கள் மாப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். தைப்பது கைதான், காது சும்மாதானே இருக்கிறது.

அந்தக் காதுதான் அவளை எழுத வைத்தது. கப்பலில் சமையல்காரனாக இருக்கும் தம்பி அருள்பிரகாஷ், ஜமைக்காவில் வாங்கிய சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றை அவள் மகள் ஆஷ்லினுக்குக் கொண்டுவந்தான். ஆஷ்லின் நாலு வரி படித்துவிட்டு, "மாமா, இதுல இங்கிலீஷே தப்பு," என்றாள்.

"தப்பில்ல பாப்பா. அந்த ஊர்ல அப்படித்தான் பேசுவாங்க. எழுதுன அம்மா அவங்க பேச்ச அப்படியே எழுதிட்டாங்க."

விண்ணரசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காதில் விழுகிற பேச்சை அப்படியேயும் எழுதலாமா? ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நோட்டு வாங்கினாள். காணாமல் போன வாத்தைத் தேடி வாய்க்கால் வாய்க்காலாக ஓடும் பிள்ளைகளின் கதை ஆறு மாதத்தில் முடிந்தது. மயிலாடுதுறைப் பதிப்பாளர் இளஞ்செழியன் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டார்.

அச்சுப்படி வந்தபோது அதில் பேச்சு முழுக்கச் சிவப்பு மை. "டேய், வாத்தக் காணும்டா, ஓடியாடா!" என்று அவள் எழுதியது, "தம்பி, வாத்தினைக் காணவில்லை, விரைந்து வா" என்று ஆகியிருந்தது. வாத்து மேய்க்கும் தங்கம்மாளின் "கட்டையில போறவனே" என்ற வசவு, "தீயோனே" ஆகிவிட்டது. விண்ணரசி போனை எடுத்தாள்.

"ஏங்க, எந்தத் தங்கம்மாள்ங்க தீயோனேன்னு திட்டுவா?"

"புள்ளைங்க படிக்கிற புத்தகம்மா. கொச்சையா இருந்தா பள்ளிக்கூடத்துல வாங்க மாட்டாங்க. இப்படின்னா போடுறேன். இல்லாட்டி உங்க நோட்ட வாங்கிக்குங்க."

பெயர் போட்ட புத்தகத்தைக் கையில் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. அதற்காகத் தன் சனங்களின் வாயை அடைப்பதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசியில், "ஞாயித்துக்கிழமை நான் பாடம் எடுக்குற சண்டே ஸ்கூலுக்கு வாங்க. உங்க திருத்தத்தயே மொதல்ல வாசிக்கிறேன். புள்ளைங்களுக்குப் புடிச்சா அப்படியே போடுங்க," என்றாள்.

இளஞ்செழியன் சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். முப்பது பிள்ளைகள். விண்ணரசி வாக்குத் தவறாமல் திருத்திய பக்கத்தை நிதானமாக வாசித்தாள். "சிறுவன் தன் அன்னையை நோக்கி, அன்னையே, வாத்தினைக் காணவில்லை என்றான். அஞ்சாதே மகனே, என்றாள் அன்னை."

முன்வரிசையில் ஒருத்தி கைகூப்பிக் கண்ணை மூடினாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பையன் மூடினான். பக்கம் முடிவதற்குள் அத்தனை பிள்ளைகளும் தலைகுனிந்துவிட்டார்கள். விண்ணரசி மூச்சு வாங்க நிறுத்தியதுதான் தாமதம், முப்பது வாயும் ஒன்றாகச் சொன்னது:

"ஆமென்."

பின்வரிசைச் சிறுமி ஒருத்தி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "டீச்சர், ஜெபம் முடிஞ்சிருச்சுல்ல? கதை எப்ப சொல்லுவீங்க?"

இளஞ்செழியன் மேற்கூரையைப் பார்த்தார். விண்ணரசி சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை எடுத்து, தான் எழுதியபடியே வாசித்தாள். வாத்துக்காக ஒருவன் சேற்றில் விழுந்தபோது பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். தங்கம்மாள் "கட்டையில போறவனே" என்றதும் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது சலவை வேட்டிதான்.

"எங்கம்மா இதச் சொல்லித்தான் என்னயத் தொரத்துவாங்க," என்றார் கண்ணைத் துடைத்தபடி. பிறகு அச்சுப்படியை வாங்கி மடியில் வைத்து, தான் எழுதிய சிவப்பு வரிகளைத் தானே அவசரம் அவசரமாக அடிக்கத் தொடங்கினார்.

விண்ணரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தையல்காரி அல்லவா.

"மெதுவாப் பிரிங்க சார். துணி கிழிஞ்சிடப் போவுது."