சும்மா பார்க்க வெனிஸுக்குப் போனோம்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கணவரும் இத்தாலியின் தெற்கு நுனியில், பலெர்மோவில், வேறு வேறு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தோம். எனக்குச் சமையலும் துப்புரவும். அவருக்கு நடக்கமாட்டாத ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கைக்கு வந்து, இனி யாரும் எங்களைத் துரத்தமாட்டார்கள் என்று ஆனதும், எனக்கு வெனிஸ் பார்க்க ஆசை வந்துவிட்டது. லீவு கேட்டேன். நான் வேலை செய்த வீட்டு எஜமானி, என் சிஞ்ஞோரா, நல்ல மனுஷிதான். ஆனால், அங்கே எந்த வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. வேலைக்கில்லை, ஊர் பார்க்க என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரேயொருதரமாவது இந்த நாட்டில் யாருக்கும் வேலைக்காரியாக இல்லாமல் விருந்தாளியாக இருந்து பார்க்காவிட்டால் என் மனம் ஆறாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் சனம் காரணமில்லாமல் ஊர் விட்டு ஊர் போகாது. கலியாணம், செத்தவீடு, ஞானஸ்நானம், இல்லாவிட்டால் நேர்த்திக்கடன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, வெனிஸில் உங்களுக்கு ஆர் இருக்கினம் என்று ஆளுக்காள் கேட்டார்கள். கணவர் கூச்சத்தில், பக்கத்திலிருக்கும் பதுவா அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி என்று சொல்லிவிட்டார். வந்ததே எனக்குக் கோபம்.

"நேர்த்தியுமில்லை, ஒண்டுமில்லை. சும்மா பாக்கப் போறம்," என்றேன், எல்லோருக்கும் கேட்க.

சும்மாவோ என்று ஒருத்தி வாயில் கை வைத்தாள். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

றொட்டியும் மாசிச் சம்பலும் கட்டிக்கொண்டு ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயில் ஏறினோம். மெசினாவில் ரயிலையே கப்பலுக்குள் ஏற்றிக் கடல் கடத்தினார்கள். அதற்குப் பிறகும் இத்தாலி முடிவதாகத் தெரியவில்லை. இடுப்பு கழன்றுபோகும் நேரத்தில் வெனிஸ் வந்தது. ஸ்டேஷன் படியிறங்கினால் தெருவுக்குப் பதில் தண்ணீர்.

ஊரில் நான் தீவுக்காரி. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வள்ளம் ஏறி வளர்ந்தவள். "வள்ளம் ஏறவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கணவர் பகிடி விட்டார். விடட்டும். படகு ஆடியபோது வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். நான் கையை எங்கும் பிடிக்காமல் ஏறி நின்றேன். மாளிகைகளின் வாசற்படி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஒடுங்கிய வாய்க்கால்களுக்கு மேலே குறுக்காக உடுப்புக் காய்ந்தது. யார் தோய்த்த உடுப்போ, எனக்கென்ன? நான் தோய்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மற்ற உல்லாசப் பயணிகள் வரைபடத்தை விரித்துக்கொண்டு பாலத்துக்குப் பாலம் ஓடினார்கள். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பது இதுதான். நாங்கள் ஒரு பாலத்துப் படியில் ஆறுதலாக இருந்து மிச்சச் சம்பலைச் சாப்பிட்டோம்.

ஆனால் பழக்கதோஷம் லேசில் விடுமா? அடுத்த நாள் விடியவே எழும்பி, ஹோட்டல் அறையின் கட்டிலைச் சுருக்கமில்லாமல் விரித்து, குளியலறையையும் துடைத்துவிட்டேன். கணவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கீழே காலைச் சாப்பாடு முடிந்ததும், எங்கள் பீங்கான்களை அடுக்கி, போகிற போக்கில் பக்கத்து மேசைக் கப்புகளையும் எடுத்துக்கொண்டு, குசினிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். நான் என்ன செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. முத்துமாலை போட்ட ஒரு மனுஷி, தலை நிமிராமலே, தனக்கு ஒரு கோப்பி கொண்டுவரச் சொன்னாள், நல்ல சூடாக.

அது போதாதென்று, என் மனுஷன் கோப்பி எடுக்கப் பாதி எழும்பிவிட்டார். காது பற்றி எரிந்தது. இத்தாலியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு வந்தும் வேலைக்காரிதானா? திரும்பி நடந்தேன். பக்கத்து மேசைக் கப்புகளை இருந்த இடத்திலேயே வைத்தேன். எங்கள் பீங்கான்களை எங்கள் மேசையில் வைத்தேன். கதிரையை இழுத்து இருந்தேன்.

"இருங்கோ," என்றேன் அவரிடம். "நீங்கள் எழும்பினால் நான் இப்பவே ரயில் ஏறுவன்."

அவர் இருந்தார். பிறகு அந்த மனுஷியைப் பார்த்து, எனக்குத் தெரிந்த நல்ல இத்தாலியனில் சொன்னேன்:

"சிஞ்ஞோரா, நானும் உங்களைப் போல ஊர் பார்க்க வந்தவள். எனக்கும் இன்னும் கோப்பி வரவில்லை."

அவள் முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டாள். பெருந்தன்மையாகத் தலையசைத்தேன். பிறகு கையை உயர்த்திப் பரிசாரகனைக் கூப்பிட்டேன். அந்த நாட்டில் என் கை அப்படி உயர்ந்தது அதுதான் முதல்தரம். அவன் ஓடிவந்து, குனிந்து, எனக்கு வார்த்தான். நான் தேத்தண்ணி ஆள். அந்தக் கறுப்புக் கோப்பி எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் ராணி மாதிரி இருந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

எழும்பும்போது கணவரின் கை தானாகவே பீங்கானுக்குப் போனது. எட்டிப் பிடித்தேன். எல்லாம் மேசையில் அப்படியே கிடக்க, இரண்டு பேரும் வெறுங்கையை வீசிக்கொண்டு ஊர் பார்க்கப் போனோம்.